மதுரையிலிருந்து வெளிநாட்டு இ.டி.எஃப். வாங்குவது: எந்தத் தரகர், எந்த வழி?

தெற்குமாசி_ஜவுளி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதிக்கு அருகே சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது 47. கடை என் ஒருவன் பெயரில் இருக்கிறது. கூட்டாளி யாரும் இல்லை. ஆண்டுதோறும் அனுமான வருமான முறையில் (விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் முறை), ஐ.டி.ஆர்.-4 படிவத்தில் வரிக் கணக்குத் தாக்கல் செய்து வருகிறேன். சேமிப்பு ஒத்தக்கடைப் பக்கம் வாங்கிய மனையிலும், வீட்டு நகையிலும், மாதாமாதம் கட்டும் மியூச்சுவல் ஃபண்டிலும் இருக்கிறது. எல்லாமே ரூபாயில், எல்லாமே இந்தியாவில். மகன் ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு படிக்கிறான். அவனுக்குப் பணம் அனுப்பப் போகும்போதெல்லாம் யூரோவின் விலை சென்ற முறையைவிட ஏறியிருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான், சேமிப்பில் ஒரு பங்காவது வெளிநாட்டுச் சந்தையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

தனித்தனிப் பங்குகளை ஆராய்ந்து வாங்கும் அளவுக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களை ஒரே யூனிட்டில் அடக்கிய எஸ் அண்ட் பி 500 இ.டி.எஃப். (பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) ஒன்றை வாங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்க விரும்புகிறேன். இந்த நிதியாண்டிலேயே 14 லட்சம் ரூபாய் போடலாம் என்று நினைத்திருக்கிறேன். மகனின் செலவுக்காக ஜூலை மாதம் 6 லட்சம் ரூபாய் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கைபேசியில் இரண்டு செயலிகளைப் பார்த்தேன். ஒன்று தரகுக் கட்டணமே இல்லை என்கிறது. மற்றொன்று சிறு கட்டணம் வாங்குகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? இந்தியச் சந்தையிலேயே, நாஸ்டாக் 100 என்ற அமெரிக்கக் குறியீட்டைப் பின்பற்றும் இ.டி.எஃப். கிடைக்கிறதே, இருக்கிற டிமேட் கணக்கில் அதை வாங்கிவிட்டால் போதாதா? பணத்தைக் கடையின் நடப்புக் கணக்கிலிருந்து அனுப்பலாமா? கொஞ்சம் பற்றாக்குறை இருப்பதால் நகைக்கடன் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாமா? நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் கேட்டபோது, கவுன்ட்டரில் இருந்தவர் ‘முதலீட்டுக்கு வெளிநாடு அனுப்புவதெல்லாம் இங்கே இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. என் மனைவிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பணம் அவருக்குச் சிரமமில்லாமல் வந்து சேருமா?

அண்ணாநகர்_வரிக்கணக்கர்

வணக்கம் ஐயா. அண்ணா நகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வரிக் கணக்குப் பணி செய்து வருகிறேன். உங்கள் கேள்விகளில் முதலில் வைத்திருப்பதைக் கடைசியாகவும், கடைசியில் வைத்திருப்பதை முதலாவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. செயலியின் கட்டணத்தைவிட, நீங்கள் வாங்கப் போகும் நிதி எந்த நாட்டில் பதிவானது என்பதுதான் உங்கள் பணத்தின் விதியைத் தீர்மானிக்கும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இந்த நிதியாண்டு முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டியது பணம் அனுப்பும் கணக்கு என்பதால், அதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் ஒருவர், ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், அதாவது எல்.ஆர்.எஸ். என்று வங்கியில் சொல்வதன்கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2004-இல் 25,000 டாலரில் தொடங்கிய வரம்பு இது. உங்கள் தொகைக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டே அல்ல. கவனிக்க வேண்டியது டி.சி.எஸ். எனப்படும் மூலத்தில் வசூலிக்கும் வரி. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வரிப் பிடிப்பு இல்லை. அதற்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம் பிடிக்கப்படும். இந்த 10 லட்சம் உங்கள் பான் எண்ணுக்கு உரியது. எத்தனை வங்கி வழியாக அனுப்பினாலும், எந்த நோக்கத்துக்காக அனுப்பினாலும் சேர்த்தே கணக்கிடுவார்கள். மகனுக்கு அனுப்பிய 6 லட்சம் இதில் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஆகவே உங்களுக்கு மீதமிருப்பது 4 லட்சம். இப்போதே 14 லட்சத்தையும் அனுப்பினால், மிகுதியான 10 லட்சத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரியாகப் பிடிக்கப்படும்.

அந்த 2 லட்சம் தொலைந்துபோகும் பணம் அல்ல. 26ஏ.எஸ். என்ற வரி வரவு அறிக்கையில் உங்கள் பெயரில் வரவாகி நிற்கும். ஆண்டு வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். அனுமான வருமான முறையில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரி முழுவதையும் கட்ட வேண்டும் என்பதால், அதிலும் இதை ஈடு செய்துகொள்ள இயலும். ஆனால் உங்கள் வரி அந்த அளவுக்கு வராது என்றால், பணம் பல மாதங்கள் முடங்கிக் கிடக்கும். மார்ச் 31-க்குள் 4 லட்சம், ஏப்ரல் பிறந்ததும் மீதி என்று பிரித்தால் இந்தச் சிக்கல் எழாது.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. மகனின் செலவையும் முதலீட்டையும் ஒரே ஆண்டில் அனுப்புவதாக இருந்தால், முதலீட்டை முதலில் அனுப்புங்கள். 10 லட்சம் தீர்ந்த பிறகு முதலீட்டுக்கு அனுப்பினால் 20 சதவீதம் பிடிப்பார்கள். படிப்புக்கு அனுப்பினால், சொந்தப் பணமாக இருந்தாலும், 2026 ஏப்ரலிலிருந்து 2 சதவீதம்தான்; அதற்கு முன் 5 சதவீதமாக இருந்தது. வங்கியின் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து பிடிப்பே இல்லை. தொகை ஒன்றுதான், எதை முன்னால் அனுப்புகிறோம் என்பதில்தான் வேறுபாடு. என்னிடம் வரும் பெற்றோர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருவதைப் பார்க்கிறேன்.

அடுத்து, தரகுக் கட்டணம் இல்லை என்ற விளம்பரம். நீங்கள் 4 லட்சம் அனுப்பினால் ஏறத்தாழ 4,500 டாலர் கிடைக்கும். வங்கி சந்தை விலையைவிட ஒரு டாலருக்கு 1 ரூபாய் கூடுதலாக வைத்தால், அதிலேயே 4,500 ரூபாய் போய்விடுகிறது. நாணய மாற்றுக்கு ஜி.எஸ்.டி. உண்டு; 4 லட்சத்துக்கு அது 450 ரூபாய். வங்கிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழிக்கான கட்டணமும், இடையில் நிற்கும் வங்கி பிடித்துக்கொள்ளும் டாலரும் தனி. ஆகவே மாதம் பத்தாயிரம் என்று சிறுகச் சிறுக அனுப்புவது வெளிநாட்டு முதலீட்டுக்கு ஒத்துவராது. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ சேர்த்து அனுப்புவதே நல்லது. வங்கியிடம் கமிஷன் எவ்வளவு என்று கேட்காமல், ‘இன்று இந்த டாலருக்கு என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போகும்?’ என்று கேளுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்து இரண்டு வங்கிகளை ஒப்பிட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று, இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். வெளிநாட்டில் ஒரே ஒரு யூனிட் வைத்திருந்தாலும் நீங்கள் ஐ.டி.ஆர்.-4 தாக்கல் செய்யக் கூடாது. ஐ.டி.ஆர்.-3 படிவத்துக்கு மாற வேண்டும். அனுமான வருமான முறை உங்களுக்குத் தொடரும்; படிவம்தான் மாறும். அதில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணை எஃப்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. நாம் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கெழுதிப் பழகியவர்கள். அந்த அட்டவணையோ ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைக் கேட்கிறது. தொடக்க மதிப்பு, ஆண்டில் எட்டிய உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு ஆகியவற்றை ஸ்டேட் வங்கி தந்திவழிப் பரிமாற்றத்துக்கு அறிவிக்கும் கொள்முதல் விலையில் ரூபாயாக மாற்றி எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால், 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் தெரிவிக்க வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

திருமங்கலம்_ஆசிரியர்

இந்தியச் சந்தையிலேயே கிடைப்பதை வாங்கினால் போதாதா என்ற கேள்விக்கு, நான் பட்டதை எழுதுகிறேன். எனக்கும் அந்த வழிதான் எளிதாகத் தோன்றியது. டி.சி.எஸ். இல்லை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் ஏ2 படிவம் இல்லை, எஃப்.ஏ. அட்டவணை இல்லை. டிமேட் கணக்கில் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. நாஸ்டாக் 100 இ.டி.எஃப்.பை ஒரு காலை வேளையில் அப்படித்தான் வாங்கினேன். அன்று மாலை நிதி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த யூனிட்டின் நிகர சொத்து மதிப்பை, அதாவது அதனுள் இருக்கும் பங்குகளின் மதிப்பை, பார்த்த பிறகுதான், அதைவிட வெகுவாகக் கூடுதல் விலை கொடுத்திருக்கிறேன் என்பது புரிந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தேன். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டில் 700 கோடி டாலர் வரைதான் முதலீடு செய்யலாம் என்றும், வெளிநாட்டு இ.டி.எஃப்.களில் போட மேலும் 100 கோடி டாலர் மட்டும்தான் என்றும் உச்சவரம்பு இருக்கிறது. 2022 தொடக்கத்தில் முதல் வரம்பு நெருங்கியதும் பல நிதிகள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தின. வழக்கமாக ஒரு இ.டி.எஃப்.புக்குத் தேவை கூடினால், நிதி நிறுவனம் புது யூனிட்டுகளை உருவாக்கிச் சந்தையில் விடும். அதனால் விலை மதிப்பை ஒட்டியே நிற்கும். புது யூனிட் உருவாக்கும் கதவு அடைபட்டால், இருக்கும் யூனிட்டுகளுக்கே போட்டி வந்துவிடுகிறது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வரத்துக் குறைந்த முகூர்த்த நாளில் மல்லிகைக்கு என்ன நேருமோ அதுதான் இங்கும். மறுநாள் விலை இறங்கிவிடும் என்று தெரிந்தே பூ வாங்குகிறோம். கல்யாணம் இருக்கிறது, வேறு வழியில்லை. முதலீட்டுக்கு அந்த அவசரம் கிடையாது. 100 ரூபாய் மதிப்புள்ளதை 115 ரூபாய்க்கு வாங்கி, வரம்பைத் தளர்த்தும் நாளில் அது மதிப்புக்கே இறங்கினால், அமெரிக்கச் சந்தை ஏறியிருந்தாலும் நமக்கு நட்டமே மிஞ்சக்கூடும்.

இந்த வழியையே விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சிறு தொகை போடுகிறவர்களுக்கு இதுவே பொருத்தம் என்றும் நினைக்கிறேன். வாங்கும் முன் திரையில் சந்தை விலைக்குப் பக்கத்தில் அந்த நேரத்து மதிப்பையும் வைத்துப் பாருங்கள். நிதி நிறுவனங்கள் சந்தை நேரம் முழுதும் ‘ஐ-நேவ்’ என்ற பெயரில் அதை வெளியிடுகின்றன. இரண்டும் நெருங்கியிருக்கும் நாளில் மட்டும் வாங்குங்கள். ‘மார்க்கெட் ஆர்டர்’ போடாமல், விலையை நீங்களே குறிப்பிட்டு ‘லிமிட் ஆர்டர்’ போடுங்கள்.

பசுமலை_வாசகி

தெற்குமாசி அண்ணன் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தில் முதன்முறையாக எழுதுகிறேன்.

என் உடன்பிறந்த அண்ணன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்தார். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் காலமானார். அவர் ஓர் இணையச் செயலி வழியாக அமெரிக்க இ.டி.எஃப்.களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்திருந்தார். அவர் மறையும்போது அதன் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டியிருந்தது. கணக்கு தொடங்கும்போது வாரிசு நியமனம் கேட்கும் கட்டமே அந்தச் செயலியில் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணியும் நானும் ஒரு நீல நிற பிளாஸ்டிக் கோப்பில் எல்லாவற்றையும் சேர்த்தோம்: இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, நோட்டரி முத்திரை, அண்ணியின் கடவுச்சீட்டு நகல். அந்தத் தரகு நிறுவனத்துக்கு அனுப்பிய மூன்றாம் வாரத்தில் பதில் வந்தது. அமெரிக்க வரித் துறையிடமிருந்து ‘மாற்றுச் சான்றிதழ்’ பெற்றுத் தந்தால்தான் பங்குகளை விடுவிப்போம் என்றார்கள். அதன் படிவ எண் 5173. அதைப் பெற வேண்டுமானால், 706-என்.ஏ. என்ற படிவத்தில் அமெரிக்காவுக்கு வாரிசுச் சொத்து வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்; அதற்குரிய கெடு இறந்த நாளிலிருந்து ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் ஏழு மாதங்கள் எங்களுக்குத் துக்கத்திலும் சான்றிதழ் அலைச்சலிலுமே கழிந்துபோயிருந்தன. மதுரையில் நாங்கள் கேட்ட யாருக்கும் அந்தப் படிவம் பரிச்சயமாக இல்லை. இறுதியில் சென்னையில் ஒருவரைப் பிடித்து, அவருக்கான கட்டணத்தையும் கட்டி, பணம் அண்ணியின் கைக்கு வந்து சேர மேலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே நிலையாகக் குடியிருப்பவராகவோ இல்லாத ஒருவர் இறந்தால், அவர் வைத்திருந்த அமெரிக்கச் சொத்தில் 60,000 டாலருக்கு மட்டுமே விலக்கு. அமெரிக்காவில் பதிவான இ.டி.எஃப். யூனிட் அமெரிக்கச் சொத்தாகவே கணக்கிடப்படும். மதுரையில் உட்கார்ந்து வாங்கினாலும் அப்படித்தான். வரி விகிதம் படிப்படியாக ஏறி 40 சதவீதம் வரை போகிறது. 1,00,000 டாலர் இருந்தால் வேறு கழிவுகளுக்கு முன் வரி 10,800 டாலர். இந்தியாவில் வாரிசுச் சொத்து வரியை 1985-லேயே நீக்கிவிட்டார்கள் என்பதால் இப்படி ஒன்று இருக்கும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. இரு நாடுகளுக்கும் இடையே வருமான வரிக்கு ஒப்பந்தம் இருக்கிறது. வாரிசுச் சொத்து வரிக்கு இல்லை.

அண்ணா, உங்கள் மனைவியை நினைத்து நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. என் அண்ணன் கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் எங்கே என்ன இருக்கிறது என்று அண்ணிக்கு ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. கடவுச்சொல்லை மட்டுமே நாங்கள் இரண்டு மாதம் தேடினோம்.

வாடிப்பட்டி_மியூனிக்

பசுமலை அக்கா எழுதியதைப் படித்து வருந்தினேன். அந்தச் சிக்கலுக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது. நான் ஜெர்மனியில் வேலை செய்வதால், அந்த வழியில்தான் எனக்குப் பழக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருக்கும் சாதாரண முதலீட்டாளர் அமெரிக்காவில் பதிவான இ.டி.எஃப்.பைத் தரகர் வழியாக வாங்க முடியாது. 2018 ஜனவரியிலிருந்து, சில்லறை முதலீட்டாளருக்கு விற்கும் ஒவ்வொரு நிதிக்கும் வகுக்கப்பட்ட வடிவில் ஒரு முக்கியத் தகவல் ஆவணம் தர வேண்டும் என்ற விதி இங்கே நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்க நிதிகள் அதைத் தயாரிப்பதில்லை. ஆகவே தரகர்கள் விற்பதில்லை. அதனால் நாங்கள் எல்லோரும் அயர்லாந்திலோ லக்சம்பர்கிலோ பதிவாகி, ‘யூசிட்ஸ்’ என்ற ஐரோப்பிய விதிகளின்கீழ் நடக்கும் இ.டி.எஃப்.களையே வாங்குகிறோம். உங்கள் மகனும் இங்கே சம்பாதிக்கத் தொடங்கியதும் இதைத்தான் வாங்குவார்.

எங்களுக்குக் கட்டாயமாக வந்தது உங்களுக்கு அனுகூலமாக அமையலாம். அயர்லாந்தில் பதிவான எஸ் அண்ட் பி 500 இ.டி.எஃப்.பின் உள்ளே இருப்பவை அதே 500 அமெரிக்க நிறுவனங்கள்தான். ஆனால் உங்கள் கையில் இருப்பது அயர்லாந்து நிதியின் யூனிட். அமெரிக்க வாரிசுச் சொத்து வரி அதைத் தொடாது. எடுத்துக்காட்டாக, ஐஷேர்ஸ் நிறுவனத்தின் ‘சி.எஸ்.பி.எக்ஸ்.’ லண்டன் பங்குச் சந்தையில் டாலரிலேயே வர்த்தகமாகிறது. அதன் ஆண்டுச் செலவு 0.07 சதவீதம், அமெரிக்காவில் பதிவான வான்கார்டின் ‘வி.ஓ.ஓ.’ 0.03 சதவீதம். லட்ச ரூபாய்க்கு ஆண்டுக்கு 40 ரூபாய்தான் வேறுபாடு.

ஈவுத்தொகையிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்க நிதி உங்களுக்கு 100 டாலர் ஈவுத்தொகை தந்தால், அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8 பென் படிவம் கொடுத்திருந்தாலும் 25 டாலர் அங்கேயே பிடிக்கப்படும். அயர்லாந்து நிதிக்கு அமெரிக்க நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகையில் 15 சதவீதம் நிதியின் அளவிலேயே பிடிக்கப்படும். மீதியை அந்த நிதி உங்களுக்கு அனுப்பாமல் தானே மறுமுதலீடு செய்துகொள்ளும் வகையும் இருக்கிறது. சி.எஸ்.பி.எக்ஸ். அந்த வகை.

எந்த நாட்டு நிதி என்பதைப் பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு நிதிக்கும் ‘ஐசின்’ என்ற பன்னிரண்டு எழுத்து அடையாள எண் உண்டு. அது ‘யு.எஸ்.’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் அமெரிக்கா, ‘ஐ.இ.’ என்று தொடங்கினால் அயர்லாந்து. வாங்கும் பொத்தானை அழுத்தும் முன் இந்த இரண்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள்.

கோரிப்பாளையம்_சந்தா

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருளுங்கள். இதைப் படிக்கும் புதியவர்களுக்காக ஒன்று. டெலிகிராம் குழுவில் சேர்த்து, ‘வெளிநாட்டு இ.டி.எஃப். வாங்கித் தருகிறோம், இந்த யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் போடுங்கள்’ என்று கேட்கும் கும்பல்கள் நம் ஊரிலும் ஆட்களைப் பிடிக்கின்றன. எங்கள் தெருவிலேயே ஒருவர் பணம் இழந்தார். முறையான வழியில் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஏ2 படிவத்துடன் புறப்பட்டு, வெளிநாட்டில் உங்கள் பெயரிலேயே இருக்கும் தரகுக் கணக்குக்குத்தான் போகும். இடையில் வேறொருவர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுமதியற்ற அன்னியச் செலாவணி வர்த்தகத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 2022-லிருந்து ரிசர்வ் வங்கி வெளியிட்டு வருகிறது, அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

தெற்குமாசி_ஜவுளி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பசுமலைத் தங்கை எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் பேசினோம். அயர்லாந்து நிதி என்பதில் முடிவுக்கு வந்துவிட்டோம். ஆனால் நான் பார்த்து வைத்திருந்த இரண்டு செயலிகளிலும் தேடினேன். அமெரிக்கச் சந்தை மட்டும்தான் திறந்திருக்கிறது, ‘ஐ.இ.’ என்று தொடங்கும் எதுவும் கிடைக்கவில்லை. வங்கி, நடப்புக் கணக்கு, நகைக்கடன் பற்றியும் கணக்கர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும். விற்கும்போது இங்கே எவ்வளவு வரி வரும் என்பதும் தெரிய வேண்டும்.

அண்ணாநகர்_வரிக்கணக்கர்

நான் பிறகு எழுதுவதாகச் சொன்னதை வாடிப்பட்டித் தம்பி என்னைவிடத் தெளிவாக எழுதிவிட்டார்.

கைபேசிச் செயலிகளில் பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தையை மட்டுமே தருகின்றன. லண்டன் சந்தையைத் திறந்துவிடும் தரகர்தான் உங்களுக்கு வேண்டும். இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் அந்த வசதியைத் தருகிறது. அதன் திரை புதியவருக்குக் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும். முதல் முறை ஒரே ஒரு யூனிட் மட்டும் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். கடன் வைத்து வாங்கும் ‘மார்ஜின்’ கணக்கைத் தேர்ந்தெடுக்காமல், ரொக்கக் கணக்கையே தேர்ந்தெடுங்கள், எல்.ஆர்.எஸ். பணத்தை மார்ஜின் வர்த்தகத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை.

நகைக்கடன் வேண்டாம். மூலதனக் கணக்கில், அதாவது முதலீட்டுக்காக, வெளிநாடு அனுப்புவதற்காக வங்கிகள் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விதி ஒருபுறம் இருக்கட்டும்; ஏறி இறங்கும் சந்தையில் போடுவதற்கு வீட்டு நகையை அடகு வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். இருப்பதை அனுப்புங்கள், மீதி அடுத்த ஆண்டு.

தனியுரிமைக் கடைக்கும் உரிமையாளருக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. எனவே நடப்புக் கணக்கிலிருந்து போனாலும் உங்கள் தனிப்பட்ட வரம்பில்தான் சேரும். ஆனால் அனுப்புகிறவர் பெயராகக் கடையின் பெயர் போனால், உங்கள் பெயரில் கணக்கு வைத்திருக்கும் தரகர் அதை ஏற்காமல் திருப்பிவிடக்கூடும். சேமிப்புக் கணக்குக்கு மாற்றி அங்கிருந்து அனுப்புங்கள். அந்தச் சேமிப்புக் கணக்கு ஓராண்டாவது பழையதாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் முந்தைய ஆண்டின் வங்கி அறிக்கையோ வரிக் கணக்கு நகலோ கேட்பார்கள்.

வங்கியில் உங்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், எல்லாக் கிளைகளிலும் அன்னியச் செலாவணிப் பணி நடப்பதில்லை என்பதுதான். அந்தப் பணி நடக்கும் கிளை எது என்று கேட்டு அங்கே போங்கள். ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எழுதும் இடத்தில் ‘எஸ்0001’ என்று எழுதுங்கள்; வெளிநாட்டுப் பங்கு முதலீட்டுக்கு உரியது அது. மகனுக்கு அனுப்பியபோது போட்ட குறியீட்டையே பழக்கத்தில் இதற்கும் போட்டுவிடாதீர்கள். தரகர் தரும் கணக்கு எண்ணையும் குறிப்பு எண்ணையும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். பணம் போய்ச் சேர்ந்த பிறகு முதலீடு செய்யாமல் 180 நாளுக்கு மேல் அங்கே வைத்திருக்கக் கூடாது. திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

விற்பனை வரியைப் பொறுத்தவரை, 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை இல்லாமல். அதற்குள் விற்றால் உங்கள் வருமான அடுக்குப்படி. டாலர் விலை ஏறியதால் கிடைத்த ஆதாயமும் இதில் அடங்கும். மறுமுதலீட்டு வகை நிதியில் ஈவுத்தொகை உங்கள் கைக்கு வராததால், ஆண்டுதோறும் அதற்கான கணக்கும், அமெரிக்காவில் பிடித்த வரியைக் கழிக்கத் தனிப் படிவம் தாக்கல் செய்யும் வேலையும் மிச்சம்.

உங்கள் மனைவி பெயரிலும் அனுப்பலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அவருக்கென்று சொந்த வருமானம் இருந்தால் அவர் பான் எண்ணுக்குத் தனி 10 லட்சம் உண்டு. உங்கள் பணத்தை அவருக்குக் கொடுத்து அனுப்பினால், அதிலிருந்து வரும் வருமானம் உங்கள் கணக்கிலேயே சேர்க்கப்படும்.

பசுமலை_வாசகி

கணக்கர் ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அயர்லாந்து நிதியாக இருந்தால் அந்த அமெரிக்க வரிப் படிவம் வராது. ஆனால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தரகருக்கு எப்படியும் வேண்டும். கணக்கு தொடங்கும் முன்பே, கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் எந்தெந்த ஆவணம் கேட்பீர்கள் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, அந்தப் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. உயில் ஒன்றைப் பதிவு செய்துவைப்பதும் நல்லது. அதில் இந்தக் கணக்கைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

தெற்குமாசி_ஜவுளி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கணக்கு தொடங்கியாயிற்று. தரகருக்கு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு நான்காம் நாள் பதில் வந்தது. அவர்கள் கேட்கும் ஆவணங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. மேல வெளி வீதிப் பக்கம் இருக்கும் கிளையில் அன்னியச் செலாவணிப் பிரிவு இருப்பதாகச் சொன்னார்கள், போனேன். அங்கிருந்த அம்மையார் ஏ2 படிவத்தைப் பொறுமையாக நிரப்பிக் காட்டினார். குறியீட்டை நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, ‘இதை அறிந்து வருகிறவர்கள் குறைவு’ என்றார். மொத்தம் எத்தனை ரூபாய் போகும் என்று கேட்டேன். முதலில் சொன்ன விலையிலிருந்து ஒரு டாலருக்கு 40 பைசா குறைத்துக் கொடுத்தார்கள். பணம் இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தது. அனுப்பியதில் சில டாலர் இடைவழியில் குறைந்திருந்தது.

கணக்கர் ஐயா சொன்னபடி முதலில் ஒரு யூனிட் மட்டும் வாங்கினேன். லண்டன் சந்தை நம் நேரப்படி பிற்பகலில்தான் திறக்கிறது. கடையில் சாப்பாட்டு நேரக் கூட்டம் ஓய்ந்த பிறகு பார்க்க வசதியாக இருக்கிறது. ஐசின் எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளை என் மனைவியே திரையில் தொட்டுக் காட்டினார். அந்த இரண்டு எழுத்துகளை மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தரகர் பெயர், கணக்கு எண், தொடர்புகொள்ள வேண்டிய மின்னஞ்சல், தேவைப்படும் சான்றிதழ்கள், வரிக் கணக்கர் தொலைபேசி எண் எல்லாவற்றையும் தமிழில் ஒரு முழுத்தாளில் எழுதி, பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறோம். நகல் ஒன்று மகனிடம் இருக்கிறது. மீதித் தொகையை ஏப்ரலில், மகனின் கட்டணத்துக்கு முன்பாகவே அனுப்பப் போகிறேன்.